அடியில் இரண்டு எழுத்து இருந்தால் போதுமா?

மறுபடியும் ஒரு எல்.ஆர். கிண்ணம். வெள்ளை கிளேஸ் (சூளையில் கண்ணாடிபோல் ஆகும் மேற்பூச்சு), விளிம்பில் பழுப்புக் கோடு, அடியில் எல், ஆர் என்று இரண்டு எழுத்துகள். கொண்டுவந்தவர் இணையத்தில் போட்டி போட்டு வாங்கியிருக்கிறார். நல்ல விடுமுறைப் பயணம் ஒன்றுக்கு ஆகும் பணம். "லூசி ரீ செய்ததுதானே?" என்று கேட்டுக்கொண்டேதான் பெட்டியைத் திறந்தார். லூசி ரீ லண்டனில் வாழ்ந்த பெரிய குயவர். கிண்ணத்தைக் கையில் வாங்கியதுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்த வசந்தத்தில் இப்படி வந்தவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் இதை எழுதிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ஏலத்துக்கு வரும் பீங்கான், மட்கலங்களை மதிப்பிடுவது என் வேலை. அதில் ஸ்டூடியோ பாட்டரி ஒரு தனிப் பிரிவு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்காமல், ஒரு குயவரோ ஒரு சிறு பட்டறையோ கையால் வனைந்து சுட்டவை. சாரிட்டி ஷாப்பிலும் (நன்கொடைப் பொருள் விற்கும் கடை) கார் பூட் சேலிலும் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) இன்னும் கிடைக்கின்றன. ஆசைக்கும் காரணம் இருக்கிறது. ஷூ பெட்டியில் வைத்திருந்த, குயவர் ஹான்ஸ் கோப்பர் செய்த கலம் ஒன்று 2018இல் கட்டணங்கள் சேர்த்து 3,81,000 பவுண்டுக்குப் போனது. அந்தச் செய்தி வந்த பிறகு வீட்டிலிருந்த பூச்சாடிகளைக் கவிழ்த்துப் பார்க்காதவர்கள் குறைவு.

கவிழ்த்துப் பார்ப்பதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு.

பலர் வெள்ளிச் சாமானின் ஹால்மார்க்கை மனதில் வைத்துக்கொண்டு குயவர் முத்திரையைப் பார்க்கிறார்கள். ஹால்மார்க்கை அடிப்பது செய்தவர் அல்ல, சோதனை அலுவலகம். அதற்குச் சட்டம் இருக்கிறது, பொய்யாக அடித்தால் குற்றம். குயவர் முத்திரைக்கு இதில் ஒன்றும் கிடையாது. இன்னார் இந்த எழுத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் ஒதுக்கித் தரவில்லை. ஒரே எழுத்தைப் பத்துப் பேர் வைத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ அவரவர் செதுக்கிக்கொண்ட சின்ன அச்சு அது. உடைந்தால் இன்னொன்று செய்துகொள்வார்கள். அவசரத்தில் அடிக்க மறப்பார்கள். சில நேரம் கிளேஸ் வழிந்து மூடிவிடும். முத்திரை ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி சொல்வதெல்லாம் தீர்ப்பு ஆகிவிடாது.

எம்.சி. என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் கார்ட்யூவும் எம்.சி., மைக்கேல் கேசனும் எம்.சி. இருவருமே பெரிய பெயர்கள், கலங்களுக்கோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஜே.எல். இன்னும் மோசம். செயின்ட் ஐவ்ஸ் ஊரின் குயவர் பெர்னார்ட் லீச்சின் மனைவி ஜேனட், பேரன்கள் ஜான், ஜெரமி என்று ஒரே குடும்பத்தில் மூன்று ஜே.எல். அச்சுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் எழுத்தை மட்டும் தேடுபெட்டியில் தட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? இவர்களாவது பெயர் பெற்றவர்கள். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் மண்பாண்ட மாலை வகுப்பு இருந்தது. அங்கே போன எல்.ஆர்.கள் எத்தனை பேரோ! அவர்கள் தங்கள் கிண்ணத்தில் தங்கள் எழுத்தைப் போட்டார்கள். யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றுவது, நாற்பது ஐம்பது வருடம் கழித்து அதற்கு 'லூசி ரீ' என்று தலைப்புப் போட்டு விற்பவர்.

சரி, லூசி ரீ. 1902இல் வியன்னாவில் பிறந்தவர். 1938இல் லண்டனுக்கு வந்து ஹைட் பார்க் பக்கத்தில் ஆல்பியன் மியூஸில் பட்டறை வைத்தார். லண்டன் கலங்களில் அவர் முத்திரை ஒரு சிறு கட்டத்துக்குள் அழுத்திய எல், ஆர். கத்தியால் கீறிய எழுத்தையோ, தூரிகையால் எழுதிய எழுத்தையோ பார்த்தால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும். ஆனால் முத்திரைக்கு வருமுன் கலத்தைப் பாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். அவருடைய கிண்ணங்கள் அகலமாக விரியும், நிற்பதோ குறுகிய அடிவளையத்தில். தூக்கினால் நினைத்ததைவிட லேசாக இருக்கும். சுடாத பச்சைக் கலத்திலேயே தூரிகையால் கிளேஸ் பூசி, மின்சூளையில் ஒரே முறை சுடுவது அவர் வழக்கம். அந்தப் பரப்பைக் கை அறிந்துகொள்ளும். எனக்கு வந்த அந்தக் கிண்ணம் அரை செங்கல் கனம். அடிவளையம் என் கட்டைவிரல் தடிமன். எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கோப்பர் 1946இல் அதே பட்டறையில் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து செய்த காபி, தேநீர்க் கோப்பைகளில் இரண்டு முத்திரையும் இருப்பதுண்டு. கோப்பரின் எச்.சி.யைப் பக்கவாட்டில் திருப்பினால் சக்கரத்தின் மேல் ஒரு கலம் நிற்பதுபோல் தெரியும். அதனாலேயே அதைத் தலைகீழாகவும் சாய்த்தும் படம் எடுத்து, "இது எந்த மொழி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானிய எழுத்து என்று சத்தியம் செய்தவரும் உண்டு.

இனி செயின்ட் ஐவ்ஸ். என் தலைவலியில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதாவும் 1920இல் கார்ன்வாலில் உள்ள அந்த ஊரில் தொடங்கிய பட்டறை லீச் பாட்டரி. அதன் முத்திரையில் எஸ் எழுத்தின் நடுவே ஐ இறங்கும், இரண்டு புள்ளிகள் இருக்கும். அது பட்டறையின் முத்திரை. மறுபடி சொல்கிறேன், பட்டறையின் முத்திரை! பெர்னார்ட் லீச்சின் கையெழுத்து அல்ல. 1940களிலிருந்து 1979 வரை அங்கே 'ஸ்டாண்டர்ட் வேர்' என்று மக், ஜாடி, மூடியுள்ள சூப் கிண்ணம் எல்லாம் விலைப்பட்டியல் போட்டு விற்றார்கள். வனைந்தவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்தவர்களும் பட்டறை ஆட்களும்தான். அவற்றில் எஸ்.ஐ. மட்டும் இருக்கும். பெர்னார்டின் தனிக் கலம் என்றால் பி.எல். என்ற அடையாளத்தையும் தேட வேண்டும். அப்படி இருந்தாலும் கதை முடிவதில்லை. 1938இல் பதினான்கு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் மார்ஷல், பின்னாளில் லீச் வரைந்து கொடுத்த வடிவங்களைப் பெரிய அளவில் வனைந்து கொடுத்தார், லீச் அவற்றில் அலங்காரம் செய்தார். பட்டறை 2008இல் சீரமைக்கப்பட்டுத் திறந்து இப்போதும் கலம் செய்கிறது. ஆக, போன மாதம் சூளையிலிருந்து வந்த கோப்பையை வைத்துக்கொண்டு "தாத்தா காலத்துது" என்று வருகிறவர்களும் உண்டு.

ஸ்டாண்டர்ட் வேர் மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. என் சமையலறையில் இருக்கிறது, தினமும் பயன்படுத்துகிறேன். அதன் விலையைக் கொடுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முத்திரையை நம்பி ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டுமல்ல என்ற ஆறுதலும் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஃபெதர்ஸ்டோன் சிறையில் மண்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் செய்த போலி லீச் கலங்கள் லண்டனின் பெரிய ஏலக்கூடங்கள் வரை போயின. முத்திரையைப் போலி செய்வது ஒரு மாலை நேர வேலை. அந்த வடிவத்தையும் எடையையும் கிளேஸையும் போலி செய்யத்தான் வருடங்கள் வேண்டும். எது கடினமோ அதைச் சோதியுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. முத்திரை இல்லை என்று நல்ல கலத்தை நன்கொடைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். டார்செட்டில் வாழ்ந்த ரிச்சர்ட் பேட்டர்ஹாம் தன் கலங்களில் முத்திரையே வைத்ததில்லை. ஹமாதா ஜப்பான் திரும்பிய பிறகு கலத்தில் பெயர் போடுவதை விட்டுவிட்டார். வின்ச்கோம்ப் பட்டறையை நடத்திய ரே ஃபின்ச்சின் பல கலங்களில் பட்டறையின் டபிள்யூ.பி. மட்டும்தான் இருக்கும். கையாலும் கண்ணாலும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இவை இன்னும் மலிவாக அகப்படுகின்றன. அதை ஏன் ஊருக்குச் சொல்கிறேன் என்று சக வியாபாரிகள் திட்டுவார்கள்.

படிக்கக் கற்றுக்கொள்ள யார்க் கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வேக்ஃபீல்டில் நூலகராக இருந்த டபிள்யூ.ஏ. இஸ்மே சேர்த்த 3,600க்கும் மேற்பட்ட கலங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளிலும் போகலாம். உண்மையான கலத்தைத் தொட்டுத் தூக்கிப் பார்க்க விடுவார்கள், காசு கேட்கமாட்டார்கள்.

வாங்கும்போது விவரத்தில் உள்ள சொற்களைக் கவனியுங்கள். 'அட்ரிபியூட்டட் டு' என்றால் இன்னார் செய்திருக்கலாம் என்பது விற்பவரின் கருத்து. 'ஸ்டைல்' என்று வந்தால் அவர் செய்ததல்ல என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். 'லீச்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த லீச் என்று கேளுங்கள். முத்திரையை மட்டும் பெரிதாகக் காட்டி, பக்கவாட்டுப் படம் இல்லாமல் விற்பவரிடம் படம் கேளுங்கள், தராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இருக்கட்டும். விளிம்பை இருட்டில் புற ஊதா டார்ச்சில் பார்த்தால் பழுதுபார்த்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். அந்த டார்ச் ஒன்றும் பெரிய செலவில்லை.

வைத்திருப்பவர்களுக்கு: தயவுசெய்து முத்திரை தெளிவாகத் தெரியட்டும் என்று மார்க்கரால் மை பூசாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தானே தெரியும். அடியில் ஒட்டியிருக்கும் பழைய காகிதச் சீட்டைச் சுரண்டாதீர்கள். பிரைமவேரா போன்ற கடையின் சீட்டு, ரசீது, பழைய கடிதம் எல்லாம் பல நேரம் முத்திரையைவிட வலுவான சாட்சி. பிளீச்சில் ஊறவைக்கவே வைக்காதீர்கள். மதிப்புக் கேட்டு எழுதும்போது முழுக் கலம், பக்கவாட்டு, அடிவளையம், உட்புறம், முத்திரை என்று எல்லாப் படமும், உயரமும் எடையும் சேர்த்து அனுப்புங்கள். முத்திரைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பி "எவ்வளவு போகும்?" என்றால் என்னால் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், விலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. 1926இல் வின்ச்கோம்பில் தொடங்கிய கார்ட்யூவின் ஆரம்பகால மஞ்சள், பழுப்பு மண்கலங்களில் காரீயம் சேர்ந்த கிளேஸ் உண்டு. அழகான ஜாடிகள், மூடி கச்சிதமாக உட்காரும், நம் ஆட்களுக்குப் பார்த்ததும் ஊறுகாய் நினைவுதான் வரும். எலுமிச்சையோ புளியோ தயிரோ எதுவும் அதில் வேண்டாம். அலமாரியில் வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில்.