சேற்று வாடை சொல்லும் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுப் பக்கம், கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்திக் காட்டுக்குள் மண் எடுக்கப் போனால் முழங்கால்வரை சேறு. ஒரு மீட்டர் குழாயை இறக்கி உருவினால் மண் கன்னங்கரேலென்று வரும், அழுகிய முட்டை வாடையோடு. புதிதாக வருகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அந்த வாடை வந்தால்தான் நிம்மதி. உள்ளே ஆக்சிஜன் இல்லை, உதிர்ந்த இலையும் செத்த வேரும் சீக்கிரம் மக்காமல் கிடக்கின்றன என்று அர்த்தம். இந்தக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, இந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

அதே கடற்கரையில், கைவிடப்பட்ட ஓர் இறால் பண்ணையிலும் குழாயை இறக்கிப் பார்த்தோம். இறங்கவே இல்லை. வெடித்துக் கிடந்த தரையைக் கடப்பாரையால் நெம்பித்தான் கட்டி எடுத்தோம். துரு நிறம், வாடை சுத்தமாக இல்லை. குளம் வெட்டி மண்ணைப் புரட்டியதும் காற்று உள்ளே போய்விடுகிறது. தலைமுறைகளாகச் சேர்ந்ததை நுண்ணுயிர்கள் தின்று கார்பன்-டை-ஆக்சைடாக விட்டுவிடுகின்றன. மண்ணிலிருந்து 1 டன் கார்பன் போனால், ஆக்சிஜனும் சேர்ந்து காற்றில் ஏறுவது சுமார் 3.67 டன் கார்பன்-டை-ஆக்சைடு.

இத்தனைக்கும் மரத்தில் அரிவாள் படவே வேண்டாம். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூடக் கிடையாது. முழங்கால் உயரத்தில் ஒரு கரை, இல்லை, அடியில் தண்ணீர் போகக் குழாய் பதிக்காமல் போட்ட ஒரு மண்சாலை, அது போதும். ஓடையில் தண்ணீர் ஏறாது. கோடையில் மண்ணில் உப்பு கூடி அலையாத்தி நின்றபடியே பட்டுப்போகும். அப்புறம், “செத்த காடுதானே” என்று அந்த இடம் வேறு உபயோகத்துக்குப் போகும். 1,000 சதுர மீட்டரைத் தாண்டிய அலையாத்திக்கு 50 மீட்டர் காப்பு இடம் விட வேண்டும் என்று கடற்கரை ஒழுங்குமுறை விதியில் இருக்கிறது. சரி, தண்ணீரை மறிக்கும் கரை அதற்கும் அப்பால் இருந்தால்?

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். காய்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஏறியதும் படத்தில் மறுபடி பச்சை. நம் மாவட்டத்தில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள், தூர் மறுபடி துளிர்க்கிறது. பல குடும்பங்களுக்கு அதில்தான் சோறு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த கார்பனைச் சில வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும் மரம். அலையாத்திச் சேற்றோடு அதை ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

நாற்று நடுவதற்கு இடம் பார்க்கப் போன ஒரு ஊரில் வயதான மீனவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, அந்தக் கரைய ரெண்டு எடத்துல வெட்டி விடுங்க. நீங்க நடவே வேணாம், காய் தானா மெதந்து வரும்.” வெட்டிவிட்டோம். இப்போது ஓடையோரம் அலையாத்திக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. போன மாதம் குழாயை இறக்கினேன், சுலபமாக இறங்கியது. வாடைதான் இன்னும் வரவில்லை.