சேமித்துவிட்டதாகச் சொல்லும் முன் சேமியுங்கள்

சேமித்த கோப்பு காணாமல் போன புகார் போன வாரமும் ஒன்று வந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். லினக்ஸ் மடிக்கணினியில் கிளவுட் சேமிப்பை ஒரு ஃபோல்டராக மவுண்ட் செய்து, அதற்குள்ளேயே எழுதியிருக்கிறார் அந்த மாணவி. சேவ் கொடுத்தபோது ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. மூடித் திறந்தாலும் புதிய பக்கங்கள் தெரிந்தன. ரீஸ்டார்ட் செய்த பிறகு பார்த்தால், மூன்று நாள் பழைய பிரதி.

அந்தக் கிளவுட் மவுண்ட்டின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவை, திறந்தேன். உள்நுழைவு டோக்கன் காலாவதியாகி, மூன்று நாளும் அப்லோடு தோற்றிருக்கிறது. அதுவரை அவர் பார்த்ததெல்லாம் டிஎம்பி (/tmp) என்ற தற்காலிக ஃபோல்டரில் இருந்த நகல். அவர் கணினியில் டிஎம்பி ரேமில் இருப்பது. ரீஸ்டார்ட்டோடு போய்விட்டது. மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஃபியூஸ் என்பது சாதாரண நிரலாகவே ஃபைல் சிஸ்டம் எழுத உதவும் லினக்ஸ் வசதி. அதில் எழுதி இப்படி வரும் ஃபைல் சிஸ்டங்களின் மூலநிரலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே தவறுதான். கோப்பு மூடப்பட்ட பிறகு அழைக்கப்படும் ரிலீஸ் என்ற ஃபங்ஷனில் அப்லோடு இருக்கும். "கோப்பை மூடும்போது ரிலீஸ் வரும், அங்கே ஏற்றிவிட்டால் போதும்" என்று நினைக்கிறார்கள். போதாது. கோப்பை மூட மென்பொருள் கொடுக்கும் க்ளோஸ் அழைப்பு, ரிலீஸ் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஃபைல் சிஸ்டம் எழுதுகிற நீங்கள் ரிலீஸில் திருப்பித் தரும் பிழையை, லினக்ஸின் மையமான கர்னல் தூக்கிப் போட்டுவிடும். அதாவது, பயனரிடம் "சேமித்தாயிற்று" என்று சொன்ன பிறகுதான் நீங்கள் சேமிக்கவே தொடங்குகிறீர்கள். தோற்றால் அதைச் சொல்ல உங்களுக்கு வழியே கிடையாது. இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

பிழை பயனரைச் சேர வேண்டுமானால், க்ளோஸின்போது அழைக்கப்படும் ஃப்ளஷ் ஃபங்ஷனில் சொல்லுங்கள். அது க்ளோஸின் விடையாகப் போகும். ஒரே கோப்புக்கு ஃப்ளஷ் பல முறை வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் க்ளோஸின் விடையைப் பார்க்காத மென்பொருள்கள் ஏராளம். அக்கறையுள்ளவை, எழுதியதை இப்போதே நிலையாகச் சேமிக்கச் சொல்லும் எஃப்சிங்க்கை அழைக்கும். விம் எடிட்டர் அழைக்கும், எஸ்கியூலைட் தரவுத்தளம் அழைக்கும். நீங்கள் எஃப்சிங்க்கை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிழை வரும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். வராது. "இந்த வசதி இல்லை" என்று ஃபியூஸின் நூலகமான லிப்ஃபியூஸ் கர்னலிடம் சொல்லும். கர்னல் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளும், அந்த மவுண்ட் இருக்கும்வரை உங்களைத் திரும்பக் கேட்கவும் கேட்காது. எழுதாத ஒரு ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

2005-இல் லினக்ஸ் 2.6.14-உடன் ஃபியூஸ் கர்னலுக்குள் வந்தது பெரிய வரம். கர்னலைத் தொடாமல், பைத்தானில்கூட ஒரே மாலையில் ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதிவிடலாம். ஆனால் எல்லோரும் தொடங்குகிற, லிப்ஃபியூஸோடு வரும் அந்த ஹலோ உதாரணத்தில் கோப்பைப் படிக்க மட்டுமே முடியும். எழுதுவதன் பொறுப்பை அது கற்றுத்தராது.

ஏறாத மாற்றங்களை டிஎம்பியில் வைக்காதீர்கள். கேஷ் ஃபோல்டரிலும் வேண்டாம், இடம் போதாதபோது மக்கள் முதலில் காலி செய்வது அதைத்தான். எத்தனை கோப்புகள் இன்னும் ஏறவில்லை என்பதைத் திரையில் காட்டுங்கள், லாகை யாரும் படிப்பதில்லை. பல எடிட்டர்கள் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றும். அப்லோடு நடுவில் இருக்கும்போது ரீநேம் வந்தால் எந்தப் பெயரில் ஏறும் என்று சோதித்தீர்களா? வெளியிடும் முன் வைஃபையை அணையுங்கள், டோக்கனை ரத்து செய்யுங்கள், பின்னணியில் ஓடும் உங்கள் டீமனைப் பாதியில் கில் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சேவ் கொடுத்துப் பாருங்கள். பிழை தெரியவில்லையென்றால் வெளியிடாதீர்கள்.

அப்புறம், பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மவுண்ட் செய்த ஃபோல்டருக்குள் நேரடியாக எழுத வேண்டாம். உங்கள் டிஸ்க்கில் எழுதுங்கள், முடித்ததும் நகலெடுங்கள். அந்த நகலை அதே கணினியில் திறந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அங்கே தெரிவது கேஷாக இருக்கலாம். கைப்பேசியிலோ பிரவுசரிலோ ஒரு முறை திறந்து, கடைசிப் பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.