ராஸ்டர்: வாரி கீறிய நிரை

இலங்கையில் உயர்தர வகுப்பைத் தமிழில் படித்துவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ பதுளையிலிருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ கணினியை ஆங்கிலத்தில் படிக்கப் போகிற மலையகத்துப் பிள்ளைக்கு முதல் அரையாண்டில் பாதி, பெயர் மாற்றத்திலேயே போய்விடும். தாயம் என்று படித்தது மெட்ரிக்ஸ் ஆகும். காவி வெக்டர் ஆகும். நிரை ரோ, நிரல் கொலம். எல்லாம் தெரிந்த ஆள்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சமாளித்துக்கொள்ளலாம். கணினி வரைகலைப் பாடத்தில் முதல் வாரமே வந்து நிற்கும் 'ராஸ்டர்' மட்டும் முன்பின் பார்த்திராத முகமாக இருந்தது. ராஸ்டர் டிஸ்ப்ளே, ராஸ்டர் ஸ்கேன், ராஸ்டரைசேஷன் என்று மூன்றையும் தமிழெழுத்தில் கொப்பியில் எழுதி, பொருள் புரியாமலே பரீட்சை மண்டபம் வரை சுமந்தேன்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். திரையைக் கிடையாகவும் நெடுக்காகவும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, மேலிருந்து கீழாக வரிவரியாக அடுக்கினால் அது ராஸ்டர் படம். கட்டத்துக்குப் பெயர் பிக்சல், தமிழில் படவணு. 1920 கட்டம் அகலமும் 1080 கட்டம் உயரமும் உள்ள திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று பைட் வீதம் கணக்குப் பார்த்தால், ஒரேயொரு படத்தை வைத்திருக்க 62 இலட்சம் பைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். இன்று இது ஒரு பொருட்டே இல்லை. 1973இல் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய, படம் தீட்டும் ஏற்பாடான சூப்பர்பெயின்ட், 640க்கு 480 என்ற திரைக்குக் கட்டத்துக்கு ஒரு பைட் என்று 3 இலட்சத்து 7 ஆயிரத்து 200 பைட் நினைவகம் கேட்டபோது, அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

அதனால்தான் அதற்கு முன் வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட், திரையில் படம் வரையும் ஸ்கெட்ச்பாட் மென்பொருளைச் செய்தபோது, திரையில் கட்டங்களை வரிவரியாக நிரப்பும் பேச்சே இல்லை. இலத்திரன் கற்றையைக் கோடு போகிற வழியில் மட்டும் கொண்டுபோய், புள்ளி புள்ளியாக வைத்துக் கோட்டைக் கீறினார்கள். இதன் வழியில் வந்ததுதான் வெக்டர் வரைகலை. வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சுமப்பவர்' என்று பொருள். இலங்கைப் பாடநூல் அதைக் 'காவி' என்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களிடம் 'காவிக் கணியம்' என்று சொல்லிப் பாருங்கள், சாமியார் உடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள். அவர்களுக்கு அது திசையன். ஆனால் காவுதல் என்றால் சுமத்தல். யாழ்ப்பாணத்து அறைத்தோழன் 'பெட்டியைக் காவிக்கொண்டு வா' என்பான். எங்கள் பக்கம் 'சொமந்துக்கிட்டு வா' என்போம். டெங்கு நுளம்பை நோய்க்காவி என்கிறோமே, அதே காவிதான். மூலச்சொல்லை வேரோடு பிடுங்கி நம் மண்ணில் நட்டவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ராஸ்டருக்கு அப்படி யாரும் செய்யவில்லையே என்பதுதான் எனக்கு அப்போதிருந்த குறை.

ராஸ்டரும் இலத்தீன் வழிதான். சுரண்டு, கீறு என்று பொருள்படும் 'ராடெரே' என்ற வினையிலிருந்து 'ராஸ்ட்ரும்' வந்தது. மண்ணைக் கிளறிச் சமப்படுத்தும் பல் வைத்த வாரி அது. அழித்தலைச் சொல்லும் இரேஸ், சவரக் கத்தியைச் சொல்லும் ரேசர் இரண்டும் இதே வினையின் பிள்ளைகள். ஈர மண்ணில் வாரியை இழுத்துப் பாருங்கள்: ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே இடைவெளியில் கோடுகள் விழும். மேலைநாட்டு இசைத்தாளில் ஐந்து கோடுகளை ஒரே இழுப்பில் போடுகிற ஐந்து முனைப் பேனாவுக்கும் ராஸ்ட்ரும் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு ஜெர்மன் மொழியில், அச்சுப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரிக்கிற வலைக்கு ராஸ்டர் என்ற பெயர் வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் கையில் அது குழாய்த் திரையின் கோட்டு வரிசையானது.

குழாய்த் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு வாரியைக் காட்டுவது சுலபம். இலத்திரன் கற்றை மேல் இடது மூலையில் தொடங்கி வலது ஓரம் வரை ஒரு கோடு இழுக்கும். அங்கே அணைந்து, வெறுங்கையோடு இடப்பக்கம் பாய்ந்து திரும்பி, அடுத்த கோட்டைத் தொடங்கும். ஏர் மாடு போலத் திரும்புகிற வழியிலும் உழுதுகொண்டே வராது. ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வீடுகளில் இருந்த பெட்டிகளில் ஒரு படத்துக்கு 625 கோடு, அதில் கண்ணுக்குப் படுவது 576. இப்படி விநாடிக்கு 25 படம். லயத்தில் ஒரு பெட்டி முன்னால் இருபது பேர் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்த காலத்தில், இத்தனை வேகமாக ஒரு வாரி திரையைக் கீறிக்கொண்டிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் என்பதே லைன் என்ற ஆங்கிலச் சொல் உருமாறி வந்தது. அதற்காக ஸ்கேன் லைனை 'லயம்' என்று மொழிபெயர்க்க நான் தயாரில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே போதுமான சுமை.)

சரி, ராஸ்டருக்குத் தமிழ் என்ன? 'பரவல் வரைகலை' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. நோய் பரவும், வாசனை பரவும். இரசாயனப் பாடத்திலும் பரவல் வேறொன்று. பரவுவதற்கு வரிசை கிடையாது, ராஸ்டருக்கோ வரிசைதான் உயிர்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருந்தேன். பிரெசன்ஹாமின் கோடு வரையும் முறையைக் கையால் செய்து பழகிக்கொண்டிருந்தேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் கண்டு, 1965இல் வெளியிட்ட முறை. தசமமும் வகுத்தலும் இல்லாமல் முழு எண் கூட்டல் கழித்தலிலேயே, எந்தெந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் சாய்கோடு போலத் தெரியும் என்று சொல்லிவிடும். (0,0) இலிருந்து (5,2) வரை ஒரு கோடு என்று வையுங்கள். தொடக்க எண், இரண்டு தரம் இரண்டு நான்கு, அதிலிருந்து ஐந்தைக் கழித்து −1. ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர வேண்டும். கையிலிருக்கும் எண் பூச்சியத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு வரி ஏறி 10ஐக் கழிக்க வேண்டும். ஏறினாலும் ஏறாவிட்டாலும் 4ஐக் கூட்ட வேண்டும். எண்கள் −1, 3, −3, 1, −5, −1 என்று ஓடும். கறுப்பாகும் கட்டங்கள் (0,0), (1,0), (2,1), (3,1), (4,2), (5,2). சதுரக் கொப்பியில் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து வந்து தலைத்துண்டைக்கூட அவிழ்க்காத அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, நெர நெரயா கட்டம் போட்டு, நெரக்கி ரெண்டு ரெண்டா கறுப்படிச்சு வச்சிருக்க?"

பாடப்புத்தகத்தில் ரோவுக்குப் பதிலாக வைத்திருந்த நிரையை நான் கணக்குச் சொல்லாக மட்டுமே வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது தினப்படி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போனதும் கங்காணி ஆளுக்கொரு நிரை காட்டுவார். தேயிலைச் செடிகள் வரிசையாக நிற்கும் அந்த நீளம்தான் நிரை. கூடையை முதுகில் போட்டு, மட்டக்கம்பைச் செடிமேல் வைத்துப் பார்த்து, பிடித்த நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு செடியை விட்டுவிட்டுப் போனால் கங்காணியின் குரல் மறுமலை வரை கேட்கும். ஒரு பரப்பு முழுவதையும், ஒரு புள்ளி விடாமல், வரி வரியாக முடிப்பது. விரிவுரையில் ராஸ்டர் ஸ்கேனுக்குத் தந்த வரைவிலக்கணம் கிட்டத்தட்ட இதுதான்.

நிரை பழைய சொல். சங்க இலக்கியத்தில் ஆநிரை என்றால் மாட்டு மந்தை. பகைவர் நிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. யாப்பிலும் அது இருக்கிறது: நேரசை, நிரையசை. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. செய்யுளை நேர், நிரை என்று அசை பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர் அலகிடுதல். ஆங்கிலத்தின் ஸ்கேன் என்ற சொல்லும் முதலில் குறித்தது அதைத்தான், செய்யுளை அடியடியாகச் சீர் பிரித்துப் பார்ப்பதை. அதன் இலத்தீன் வேருக்கு ஏறுதல் என்று பொருள். தமிழ் அலகிடுதலுக்கோ இன்னொரு பொருளும் உண்டு: பெருக்குதல். அலகு என்றால் துடைப்பம். அப்பர் 'அலகிட்டு மெழுக்குமிட்டு' என்று கோயிலைப் பெருக்குவதைப் பாடுகிறார். செய்யுளைப் பிரிக்கிற ஸ்கேனும் தரையை வாருகிற ராஸ்டரும் ஆக இரண்டும் நம்மிடம் ஒரே வினையில் குடியிருக்கின்றன. ராஸ்டர் ஸ்கேனை 'நிரை அலகிடல்' என்று சொன்னால், மொழிபெயர்த்தது போலவே இராது. படி எடுக்கும் ஸ்கேனர் கருவிக்கு வருடி என்ற சொல் ஊன்றிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை.

என் கட்சிக்கு எதிராக நானே இரண்டு சொல்லிவிடுகிறேன். விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தெடுக்கிற வீ.பி. தேயிலையை நான்கடிக்கு இரண்டடி என்று மலையின் சம உயரக் கோட்டை ஒட்டி நடுவார்கள். நிரை மலையோடு வளைந்து போகும். திரையின் நிரை வளையாது. அடுத்தது, இலத்திரன் கற்றை ஒன்றே ஒன்று. அது தனி ஆளாக எல்லா நிரையையும் முடிக்கும். மலையில் முப்பது பேர் முப்பது நிரையில் ஒரே நேரத்தில் நிற்பார்கள். இது குழாய்த் திரையைவிட, ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் இன்றைய வரைகலைச் செயலிக்குத்தான் நெருக்கம்.

இந்த வேறுபாடுகளோடு சொல்லை எடுத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். ராஸ்டர் படம் நிரைப்படம். கோடும் முக்கோணமுமாக இருப்பதைக் கட்டங்களாக மாற்றும் ராஸ்டரைசேஷன், நிரைப்படுத்தல். காவிப்படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு புதிதாகக் கீறப்படும், நிரைப்படத்தைப் பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வட்ஸ்அப்பில் வந்த 800 கட்ட அகலப் படத்தை எட்டடி பேனராக அடித்துக் கொடுத்தார்கள். எட்டடி என்றால் 96 அங்குலம்; அங்குலத்துக்கு எட்டுக் கட்டத்துக்குச் சற்று மேல்தான் விழுந்தது, ஒவ்வொரு கட்டமும் மூன்று மில்லிமீற்றர். அம்மனின் மூக்குத்தி ஒரு வெள்ளைச் சதுரமாகப் பளிச்சென்று நின்றது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுத்தது நிரைப்படம்.

பரீட்சை ஆங்கிலத்தில் நடக்கும்வரை விடைத்தாளில் ராஸ்டர் என்றே எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கும்போது நிரை என்று சொல்லுங்கள், எழுதும்போது சின்ன 'ர' போடுங்கள். பெரிய 'ற' போட்டால் அது எடையைச் சொல்லும் நிறை ஆகி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுக்குப் போய்விடும். அங்கே ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.