‘மாட்யூல் இல்லை’ என்று சொல்வது எந்தப் பைத்தான்?

பைத்தான் மொழிக்கான நூலகங்களை (பேக்கேஜ், மாட்யூல் என்பார்கள்) நிறுவும் கருவி பிப். அதில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற நூலகத்தை இன்ஸ்டால் செய்தாயிற்று. ‘சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’ என்று திரையும் சொல்லிவிட்டது. நிரலை ஓட்டினால் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்டு ரிக்வெஸ்ட்ஸ்’. மறுபடி பிப்பைக் கூப்பிட்டால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கின்றன. பிப் ஒன்றில் நிறுவுகிறது, நீங்கள் இன்னொன்றை ஓட்டுகிறீர்கள்.

இந்தப் பிழையைப் பார்த்ததும் மறுபடி நிறுவத்தான் பலருக்குக் கை போகிறது. ஆனால் அது சொல்வது ‘நான் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை’ என்பது மட்டும்தான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தேடியது எந்தப் பைத்தான், எங்கெல்லாம் தேடியது என்று. அது தெரியாமல் நிறுவிக்கொண்டே போனால் ஒரு லேப்டாப்பில் ஒரே பேக்கேஜ் நாலு இடத்தில் கிடக்கும். நிரல் அப்போதும் ஓடாது.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

பிழை வந்த அதே டெர்மினலில் ‘பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்’ என்று அடியுங்கள். ஒரே வரியில் பிப்பின் பதிப்பு, அது இருக்கும் ஃபோல்டர், அடைப்புக்குறிக்குள் பைத்தான் பதிப்பு மூன்றும் வரும். அந்த ஃபோல்டர் உங்கள் ப்ராஜெக்டின் மெய்நிகர் சூழலுக்குள் (அந்த ப்ராஜெக்டுக்கென்றே தனிப் பைத்தானும் பேக்கேஜ்களும் வைக்கும் ஃபோல்டர்; ‘வென்வ்’ என்பதும் இதுதான்) இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பிழை தருகிற நிரலின் தொடக்கத்திலேயே ‘இம்போர்ட் சிஸ்’ என்று எழுதி, சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதை அச்சிடச் சொல்லுங்கள். டெர்மினலில் பார்த்த பைத்தானும் நிரலை ஓட்டும் பைத்தானும் ஒன்றுதானா என்பது இங்கே தெரிந்துவிடும். கூடவே சிஸ்.பிரிஃபிக்ஸ், சிஸ்.பேஸ்_பிரிஃபிக்ஸ் இரண்டையும் அச்சிடுங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால் சூழலுக்குள் இருக்கிறீர்கள்; ஒன்றாக இருந்தால், டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் ‘வென்வ்’ என்று காட்டினாலும், வெளியேதான் நிற்கிறீர்கள்.

வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். முதலாவதில் பாத் வரிசையில் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் அகப்படும் பிப் ஓடும். அது யாருடைய பிப்போ தெரியாது. இரண்டாவதில், எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதற்கே நிறுவும். இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்தாலே முக்கால்வாசித் தொல்லை வராது.

சூழலை ‘ஆக்டிவேட்’ செய்தால் ஏதோ பெரிய மாற்றம் நடக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது செய்வது கொஞ்சம்தான்: பாத் வரிசையின் முன்னால் சூழலின் பின் ஃபோல்டரைச் சேர்க்கிறது (விண்டோஸில் ஸ்கிரிப்ட்ஸ்), விர்ச்சுவல்_என்வ் என்ற மாறியை வைக்கிறது, டெர்மினலில் பெயரைக் காட்டுகிறது. உண்மையான வேலை பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சின்னஞ்சிறு கோப்பில் இருக்கிறது. ஓடுகிற பைத்தான் தன் அருகிலோ ஒரு படி மேலேயோ அந்தக் கோப்பைக் கண்டால் ‘நான் சூழலுக்குள் இருக்கிறேன்’ என்று எடுத்துக்கொண்டு, அங்குள்ள சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் தேடும். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் ஏற்பாடு இதுதான். ஆகவே ஆக்டிவேட் செய்யாமலே, சூழலின் பின் ஃபோல்டரில் உள்ள பைத்தானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் எல்லாம் சரியாக ஓடும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு விசித்திரமான கோளாறுக்கு விடை கிடைக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றுகிறீர்கள், அல்லது வேறு இடத்துக்கு நகர்த்துகிறீர்கள். ஆக்டிவேட் செய்கிறீர்கள். டெர்மினலில் ‘வென்வ்’ என்று அழகாக வருகிறது. ஆனால் ஒரு மாட்யூலும் கிடைப்பதில்லை. ஏன்? ஆக்டிவேட் கோப்புக்குள் பழைய முழுப் பாதை அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அது இப்போது இல்லாத ஃபோல்டரைப் பாத் வரிசையில் சேர்க்கிறது. ஷெல் அங்கே பைத்தானைக் காணாமல் அடுத்த இடத்துக்குப் போய், இயங்குதளத்தோடு வந்த சிஸ்டம் பைத்தானை எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் பிப் கோப்பின் முதல் வரியிலும் பழைய பாதைதான் இருக்கும். அதை நேரடியாக ஓட்டினால் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்றோ கோப்பு இல்லை என்றோ புலம்பும். சூழலை நகர்த்தக் கூடாது, இன்னொருவருக்கு ஜிப் செய்து அனுப்பவும் கூடாது. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைக் கொடுத்தால் போதும், அவர் தன் கணினியில் உருவாக்கிக்கொள்வார்.

லினக்ஸ் வகைகளான டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. சூழலை ஆக்டிவேட் செய்த பிறகும் பிப் ‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்’ (இந்தப் பைத்தானை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது) என்று மறுத்தால், நீங்கள் சூழலுக்குள் இல்லை. சரியான மெய்நிகர் சூழலில் அந்த மறுப்பு வராது. அப்போது இணையத்தில் முதலில் அகப்படும் வைத்தியம், பிப் கட்டளையோடு ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்ப்பது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, ஆனாலும் அதைக் காப்பி அடித்து ஒட்டுகிறார்கள். சிஸ்டம் பைத்தானை நம்பி இயங்குதளத்தின் பல கருவிகள் ஓடுகின்றன. அவற்றுக்குத் தேவையான நூலகத்தின் மேல் வேறு பதிப்பை ஏற்றினால், உங்கள் நிரல் ஓடும், வேறொன்று படுத்துக்கொள்ளும்.

இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் வருகிற கோளாறு வேறு மாதிரி. உபுண்டு 22.04-இல் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12. பழைய சூழலின் பின் ஃபோல்டரில் இருக்கும் பைத்தான்3 என்பது தனிக் கோப்பு அல்ல, சிஸ்டத்தின் பைத்தான்3-ஐச் சுட்டும் வெறும் இணைப்பு. மேம்படுத்திய பின் அதே இணைப்பு 3.12-ஐச் சுட்டுகிறது. 3.12 தேடுவது லிப் ஃபோல்டருக்குள் பைத்தான்3.12 என்ற உள்ஃபோல்டரில். உங்கள் பேக்கேஜ்கள் எல்லாம் பக்கத்திலேயே பைத்தான்3.10-இல் பத்திரமாகக் கிடக்கின்றன. பிப்பும் அங்கேதான் இருப்பதால் ‘நோ மாட்யூல் நேம்டு பிப்’ என்றே வரும். ஃபோல்டர் பெயரை 3.12 என்று மாற்றிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். கணித நூலகமான ‘நம்பை’ போன்றவற்றில் உள்ள, சி மொழியில் தொகுத்த பகுதிகள் ஒரு பைத்தான் பதிப்புக்கென்றே கட்டப்பட்டவை. கோப்புப் பெயரிலேயே சிபைத்தான்-310 என்று முத்திரை இருக்கும். 3.12 அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

டெர்மினலில் ஓடுகிறது, வேறெங்கோ ஓடவில்லை என்ற புகார்களுக்கு வேர் ஒன்றே: ஆக்டிவேட் செய்தது அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானுக்கு உங்கள் பாத் தெரியாது. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ பெரும்பாலும் பாதுகாப்புக்காகத் தனக்கென ஒரு பாத்தை வைத்துக்கொள்கிறது. டாக்கர் இமேஜைக் கட்டும் கட்டளைக் கோப்பான டாக்கர்ஃபைலில் ஒவ்வொரு ‘ரன்’ வரியும் புது ஷெல். முந்தைய வரியில் ஆக்டிவேட் செய்தது அடுத்த வரிக்கு வராது. மூன்றுக்கும் மருந்து, சூழலின் பைத்தானை முழுப் பாதையோடு எழுதுவது. விஎஸ் கோடு எடிட்டரில் ‘செலக்ட் இன்டர்ப்ரெட்டர்’ போய் அதே பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். ஜூபிட்டர் நோட்புக்கில் ஆச்சரியக்குறி போட்ட பிப், ஷெல்லின் பிப்பைக் கூப்பிடும். சதவீதக்குறி போட்ட பிப், நோட்புக்கின் நிரலை ஓட்டும் பைத்தானான கெர்னலுக்கே நிறுவும். ஒரு குறியில்தான் வித்தியாசம்.

பிப்புக்கு மாற்றான யூவி கருவியைப் பயன்படுத்துவோர் கவனிக்க: ‘யூவி வென்வ்’ உருவாக்கும் சூழலில் பிப் இருக்காது. ஆக்டிவேட் செய்துவிட்டுப் பழக்கத்தில் ‘பிப் இன்ஸ்டால்’ என்றால், பாத் வரிசையில் பின்னால் இருக்கும் வேறொரு பிப் பதில் சொல்லும், வேறிடத்தில் நிறுவும். அங்கே ‘யூவி பிப் இன்ஸ்டால்’ என்பதே சரி.

சில சமயம் குற்றவாளி உங்கள் கோப்பே. ஈமெயில் அனுப்ப ஒரு நிரல் எழுதி அதற்கு ஈமெயில்.பிஒய் என்று பெயர் வைத்தால், பைத்தானின் சொந்த ஈமெயில் நூலகத்துக்கு முன்னால் உங்கள் கோப்பு நிற்கும், ஏனென்றால் ஓட்டும் நிரலின் ஃபோல்டரில்தான் முதல் தேடல். பிழையின் வாலைப் பாருங்கள்: ‘நோ மாட்யூல் நேம்டு ஈமெயில்.மெசேஜ், ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்’. இந்த ‘நாட் எ பேக்கேஜ்’ வந்தால் நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, கோப்பின் பெயரை மாற்றுங்கள்.

நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இம்போர்ட் சிவி2 என்றால் நிறுவ வேண்டியது ஓபன்சிவி-பைத்தான். பிஐஎல் என்றால் பில்லோ. யாமல் என்றால் பையாமல். பிஎஸ்4 என்றால் பியூட்டிஃபுல்சூப்4. எஸ்கேலேர்ன் என்றால் சைகிட்-லேர்ன். பிழையில் வந்த பெயரை அப்படியே பிப்பிடம் கொடுப்பதும், கிடைக்காவிட்டால் ஊகித்து நாலு பெயர் போட்டுப் பார்ப்பதும் விளையாட்டல்ல. பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பைபிஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் காலியாக இருக்கும் பெயரில் பேக்கேஜ் ஏற்றலாம். சில பேக்கேஜ்கள் நிறுவும்போதே தங்கள் கோடை ஓட்டிவிடும். 2017-இல் ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் இப்படி ஏமாற்றும் பெயர்களில் இருந்த 10 பேக்கேஜ்களை வெளியிட்டு எச்சரித்தது. அதில் ஒன்று யூஆர்எல்லிப்3-இல் ஓர் எழுத்தை விட்ட பெயர். 2019 டிசம்பரில் அகப்பட்டது இன்னும் நுட்பம். டேட்யூட்டில் என்ற தேதி நூலகத்தின் உண்மைப் பெயர் பைபிஐயில் பைத்தான்-டேட்யூட்டில். போலி, பைத்தான்3-டேட்யூட்டில் என்று உட்கார்ந்திருந்தது. டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடியில் அதே ‘பைத்தான்3-’ பெயர்தான் அசல் என்பதால், கை தவறக் காரணமே வேண்டாம். அந்தப் போலி கூடவே இழுத்து வந்த இன்னொன்று, ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் போலி. அது வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளைத் திருடியது. இப்போது ஏஐ உதவியாளர்களும் இல்லாத பேக்கேஜ் பெயரை உறுதியாகச் சொல்கின்றன. நூலகத்தின் அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ள நிறுவல் வரியைப் பார்த்து அடிப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிப்பால் தரவே முடியாதவையும் உண்டு. ஜன்னல், பொத்தான்களைக் காட்டும் டிகேஇன்டர் நூலகம் இல்லை என்றால் உபுண்டுவில் ஏபிடி வழியே பைத்தான்3-டிகே நிறுவ வேண்டும். அது சிஸ்டம் பைத்தானின் பாகம், சூழல் அதைக் கடன் வாங்குகிறது. பேக்கேஜ் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டது, அதே வேலைக்கான செட்டப்டூல்ஸும் புதுச் சூழல்களில் தானாக வருவதில்லை. பழைய ப்ராஜெக்ட் டிஸ்ட்யூட்டில்ஸ் கேட்டு அழுதால் செட்டப்டூல்ஸை நிறுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அரை மணி நேரம் தேடியும் பிடிபடவில்லை என்றால் சூழலைத் திருத்த வேண்டாம், புதிதாகக் கட்டுங்கள். டீஆக்டிவேட் செய்து, பழைய ஃபோல்டரை ‘.வென்வ்-பழையது’ என்று பொருள்படும் பெயருக்கு மாற்றுங்கள். ‘பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்’ என்று உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர்’ என்பதோடு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பில் எழுத மறந்த பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாகப் பிழையில் தலைகாட்டும். அப்போது பழைய சூழலின் சைட்-பேக்கேஜஸைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரிலும் பேக்கேஜின் நிறுவல் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். வேண்டியதை எடுத்துக் கோப்பில் எழுதிவிட்டு, அதன் பிறகு பழையதை அழியுங்கள்.