டாங்கிளை ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

பாலக்காட்டில் செவித்திறன் பரிசோதனை செய்வது என் வேலை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கமிருந்து நிறையத் தமிழர்கள் வருவார்கள். முன்பெல்லாம் வயதானவர்களும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களும்தான் அதிகம். இப்போது 25 வயதுப் பிள்ளைகளும் "ராத்திரி காதுக்குள்ள கீ...ன்னு கேக்குது" என்று வந்து உட்காருகிறார்கள்.

சென்ற ஆண்டு வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோவையில் மென்பொருள் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறார். மிருதங்கம் கற்றவர். கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராமில் வலது காதின் கோடு 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளத்தில் விழுந்தது மாதிரி இறங்கியிருந்தது. அதிகச் சத்தம் கேட்டுக் கெட்ட காதில் பெரும்பாலும் முதலில் விழுவது அந்த இடம்தான். கோயில் திருவிழா வெடிக்கட்டுக்கு, அதாவது வாணவேடிக்கைக்கு, பக்கத்தில் நின்றீர்களா என்று கேட்டேன். நெம்மாறை வேலா திருவிழாவுக்குப் போயே மூன்று வருஷமாச்சாம். அப்புறம் சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் டாக், அதைப் பெரிதாக்கும் ஆம்ப் இரண்டும் சேர்ந்த, ஃபோனுக்கும் இயர்போனுக்கும் நடுவே மாட்டும் கையடக்க டாங்கிள்.

"ஃபோன்ல கேட்டா உயிரே இல்லைங்க மேடம். இதுல கேட்டாத்தான் மிருதங்கத்துல தோலோட நாதமே தெரியுது."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் அதற்குக் காரணம் அவர் நினைத்தது இல்லை.

அந்த டாங்கிள் 2 வோல்ட் தரும். ஃபோனில் இயர்போனை மாட்ட அவர் முன்பு வைத்திருந்த சாதாரண டைப்-சி அடாப்டர் 1 வோல்ட். வால்யூம் பட்டையை ஒரே இடத்தில் வைத்தால் டாங்கிள் 6 டெசிபெல் அதிகமாக ஒலிக்கும். சத்தம் ஏறும்போது நம் காது அடிநாதத்தையும் உச்சத்தையும் முன்பைவிட நிறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால் சத்தமாகக் கேட்பது நல்லதாகக் கேட்கிறது. ஒரு டெசிபெல் வித்தியாசம் "சத்தம் கூடியிருக்கிறது" என்று தோன்றாது, "தெளிவு கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். இரண்டு கருவிகளைக் கேட்டு எடைபோடும் யாரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

அன்று மதியம் கூட்டமில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். லேப்டாப்பில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டினேன். சாதாரண மல்டிமீட்டர் 1,000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம், 100ல் நம்பலாம். இயர்போனைச் செருகிய நிலையிலேயே அளக்க வேண்டும் என்பதால், இரண்டு துளை உள்ள ஸ்பிளிட்டர் ஒன்றைப் போட்டு, ஒரு துளையில் இயர்போன், மறு துளையில் மீட்டர். டாங்கிளின் அளவை 0.1 டெசிபெல் கணக்கில் இறக்கி இறக்கி, டாங்கிளும் அடாப்டரும் ஒரே மில்லிவோல்ட்டில் நிற்கும்வரை சரி செய்தேன். 0.1 டெசிபெல் என்றால் வோல்ட்டேஜில் சுமார் 1.2 சதவீதம். அவ்வளவு நெருக்கம் வேண்டும்.

அவரை மறுபக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, அவருடைய தனி ஆவர்த்தனப் பதிவையே போட்டேன். சமப்படுத்துவதற்கு முன் கேட்டபோது எல்லா முறையும் டாங்கிளைத்தான் "இதுதான் நல்லாருக்கு" என்றார். சமப்படுத்திய பிறகு 16 முறை மாற்றி மாற்றிப் போட்டேன். 9 முறை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டாலே 8 வரும். "இன்னொரு தடவை போடுங்க மேடம்" என்றார். போட்டேன். முகம் வாடிவிட்டது, எனக்கே கஷ்டமாக இருந்தது.

அதற்காக டாங்கிளே வீண் என்று சொல்ல மாட்டேன். 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு 1 வோல்ட் பற்றாமல் போகலாம். சார்ஜ் போட்டிருக்கும்போது சில லேப்டாப்பின் துளையில் ஓர் இரைச்சல் வரும். அதற்கு வெளியே மாட்டும் டாக் நல்ல மருந்து. ஒரே இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் நாலைந்து இருந்தால், ஆம்பின் வெளியீட்டு மின்தடை ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயர்போனின் சுபாவமே மாறிப்போகும். இவையெல்லாம் அளக்கக்கூடிய, நியாயமான காரணங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸுக்கு மயங்க வேண்டாம். குறுந்தகட்டின் 16 பிட்டே, மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் வீச்சு தரும். மின்விசிறி சுற்றும் அறையின் இரைச்சல் 40ஐத் தொடும். அதற்கு மேல் 96 வைத்தால் காது வலிக்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

ஒரு செவித்திறன் நிபுணராக எனக்குப் பெரிய கவலை டாங்கிள் தரும் மின்திறன்தான். 32 ஓம் இயர்போனுக்கு 2 வோல்ட் கொடுத்தால் 125 மில்லிவாட். பெட்டியின் முகப்பிலேயே பெருமையாகப் போடுவார்கள். ஆனால் 105 டெசிபெல் உணர்திறன் உள்ள இயர்போன் ஒரே ஒரு மில்லிவாட்டில் அந்த 105ஐத் தந்துவிடும். 80 டெசிபெலில் கேட்க ஒரு மில்லிவாட்டில் 300ல் ஒரு பங்கு போதும். மிருதங்கத்தின் திடீர் அடிகளுக்கு 20 டெசிபெல் இடம் விட்டாலும் ஒரு மில்லிவாட்டைத் தாண்டாது. மீதி 124 எதற்கு?

காது கேட்கும் கருவிகளைச் சோதிக்க என்னிடம் ஒரு கப்ளர் இருக்கிறது. காதுத் துளையின் இடத்தில் வைக்கும் சிறிய உலோகக் குழி, அடியில் மைக். அவர் ரயிலில் வைக்கும் வால்யூமையே வைக்கச் சொல்லி இயர்போனை அதில் பொருத்தினேன். ஒலியை எவ்வளவு பெரிதாக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் பொத்தான் 'ஹை'யில் இருந்தது. குழிக்குள் அளந்ததைத் திறந்தவெளிக் கணக்குக்கு மாற்றிக் குறைத்தே போட்டாலும் 95 டெசிபெல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 95ல் கிடைப்பது வாரத்துக்கே 75 நிமிஷம். திங்கட்கிழமை காலையில் பாலக்காட்டில் ஏறியவர் கோவையில் இறங்குவதற்குள் அந்த வாரக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. சாயங்காலம் திரும்பி வரும் பயணம் வேறு இருக்கிறது, மீதி நாட்கள் இருக்கின்றன.

ஏன் அவ்வளவு ஏற்றினார்? ரயில். ஜன்னல் திறந்த பெட்டியில் என் மீட்டர் 80ஐத் தாண்டியிருக்கிறது. பாட்டு அதற்கு மேல் எழும்ப வேண்டும் என்று கை தானாக ஏற்றும். அவருடைய இயர்போனின் ரப்பர் முனை காதுக்குச் சின்னது, நன்றாக அடைக்கவே இல்லை. ஓர் அளவு பெரியதை மாட்டிவிட்டேன். வெளிச்சத்தம் அடங்கியதும், அடிநாதம் திரும்பி வந்ததும், அவரே வால்யூமைக் குறைத்தார். டாங்கிளில் தேடிய உயிரில் பாதி அந்த ரப்பரில் இருந்தது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கெயினை 'லோ'வில் வைத்தே கேட்டுப் பாருங்கள். மாட்டியவுடன் முழு வால்யூமில் தொடங்கும் டாங்கிள்கள் உண்டு. அதனால் பாட்டு ஓடத் தொடங்கிய பிறகே இயர்போனைக் காதில் வையுங்கள். வால்யூமின் முதல் படியே சத்தமாக இருந்தால் அந்த ஜோடி உங்களுக்கு ஒத்துவராது. ஃபோன் தரும் சத்த எச்சரிக்கையையும் நம்பியிருக்காதீர்கள். வெளியே தொங்கும் டாங்கிள் எவ்வளவு தருகிறது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

நம் ஊர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் ஒதுங்கியிருந்தவர். அந்தத் தம்பியிடம் அதைச் சொன்னேன். அவருடைய குருவும் அடிக்கடி சொல்வாராம். எங்காவது முன் வரிசையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் ஒரு மிருதங்கத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்து வால்யூமை வைக்கச் சொன்னேன்.

போகும்போது டாங்கிளின் கெயின் பொத்தானை 'லோ'வில் தள்ளி, அதன் மேல் மருத்துவ டேப் ஒரு துண்டு ஒட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோதும் அந்த டேப் அழுக்கேறி அப்படியே இருந்தது. ராத்திரியில் வரும் 'கீ' குறைந்திருக்கிறது என்றார். இடது காது நன்றாக இருக்கிறது. வலது காதில் 4,000 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளம் அதே 30 டெசிபெலில் நிற்கிறது.