டோன்: ஒலித்தரமா, தொனியா, குரலா?

போன வாரம் அக்கா மகன் ஒரு காணொளியைக் கொண்டுவந்து காட்டினான். மார்ட்டின் டி-28, கிப்சன் ஜே-45 என்ற இரண்டு பழம்பெரும் கிட்டார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆள் ஒரே கார்டை, அதாவது பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டை, மாற்றி மாற்றி வாசிக்கிறார். மேலே ஒருவர் தமிழில் விளக்கிக்கொண்டே போகிறார். நல்ல முயற்சிதான். ஆனால் ‘டோன்’ என்பதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தால் ‘ஒலித்தரம்’. மார்ட்டினின் ஒலித்தரம் ஆழமானதாம், கிப்சனின் ஒலித்தரம் உலர்ந்ததாம், இரண்டும் ஒலித்தரத்தில் வேறுபடுகின்றனவாம். முடிந்ததும் பையன் கேட்டான்: “அப்போ கிப்சன் மட்டமா மாமா?”

அவன் மேல் தப்பில்லை. தரத்தில் வேறுபாடு என்றால் ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். இந்தச் சொல்லைப் பாடநூலில், மொழிபெயர்ப்பில், இசைக்கருவி விளம்பரத்தில் என்று பல வருடமாகப் பார்த்துச் சகித்துக்கொண்டிருந்தேன். ஒரு பதிமூன்று வயதுப் பையனைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோனதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மூலச் சொல். ‘டோன்’ கிரேக்கத்தின் தோனோஸ் என்பதிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தோனோஸ் என்றால் இழுத்துக் கட்டிய விறைப்பு, நரம்பின் முறுக்கு. கிட்டார்காரர்கள் டோன் என்று சொல்வதைத்தான் இயற்பியலார் ‘டிம்பர்’ என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். ஒரு பறையின் கிரேக்கப் பெயரில் தொடங்கி, அடித்து ஒலிக்கும் மணியைக் குறித்து, பிறகு அந்த மணியோசையைக் குறித்து, கடைசியில் ‘இது எந்தக் கருவியின் ஓசை’ என்று காட்டிக்கொடுக்கும் அடையாளத்தைக் குறிக்க வந்தது. மரத்தைக் குறிக்கும் ஆங்கில டிம்பருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கிட்டாரைப் பற்றி எழுதும்போது மரப்பேச்சு நிறைய வருமா, இரண்டையும் ஒன்றாக்கி ‘மரம்’ என்றே மொழிபெயர்த்து வைத்ததையும் ஒருமுறை படித்திருக்கிறேன்.

பொருள் என்ன? கிட்டாரின் ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி மீட்டினால் 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 அதிர்வு. அது மட்டும் ஒலிப்பதில்லை, கூடவே 220, 330, 440 என்று மேல்சுரங்களும் எழும். டி-28இல் மீட்டினாலும் ஜே-45இல் மீட்டினாலும் அதே எண்கள்தான். எந்த மேல்சுரம் எவ்வளவு ஓங்கி நிற்கிறது, எது முதலில் அடங்குகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சுருதி ஒன்று, உரப்பு (சத்த அளவு) ஒன்று, இருந்தும் இது வேறு அது வேறு என்று காது சொல்கிறதே, அந்த வேறுபாட்டுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

சரி, இதில் ‘தரம்’ எங்கே நுழைந்தது? மேல்சுரங்களின் கூட்டுதான் ஓசையின் அடையாளம் என்று ஜெர்மன் அறிவியலார் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். ஜெர்மனில் அதற்குச் சொல் ‘கிளாங்ஃபார்ப’, ஓசையின் நிறம். ஆங்கிலத்தில் எழுதிய இயற்பியலார் டிண்டால் அதை அப்படியே சாயம் பூசி ‘கிளாங்-டின்ட்’ என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலை 1875இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த எல்லிஸ் அதை ஏற்காமல் ‘குவாலிட்டி ஆஃப் டோன்’ என்று வைத்தார். ஆங்கில இயற்பியல் புத்தகங்களில் குவாலிட்டி என்ற சொல் ஊன்றியது இப்படித்தான். அந்த இடத்தில் குவாலிட்டிக்குப் பொருள் உயர்வு தாழ்வு இல்லை. அதன் இலத்தீன் வேர் ‘குவாலிஸ்’, அதாவது ‘எத்தகையது’. கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாகப் பழைய ரோமானிய அறிஞர் சிசரோ உருவாக்கிய சொல் அது. எத்தகையது என்று கேட்டால் தமிழில் வரவேண்டிய விடை தன்மை, இயல்பு, பண்பு. நம்மவர்கள் அகராதியில் குவாலிட்டிக்கு நேரே முதலில் நின்ற ‘தரம்’ என்பதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் போதும்.

தரம் என்ற சொல் தமிழில் சும்மா இருக்கும் சொல்லா? அரிசியைத் தரம் பிரிக்கிறோம், தேயிலையைத் தரம் பிரிக்கிறோம், முதல்தரம் என்கிறோம், தரங்கெட்டவன் என்று திட்டுகிறோம். இலங்கையில் பள்ளி வகுப்பே தரம் 5, தரம் 10 என்று படி ஏறும். எங்கே வந்தாலும் ஏணி கூடவே வரும். போதாக்குறைக்கு ‘ஒலித்தரம்’ என்பதற்கு இன்னொரு நியாயமான வேலை ஏற்கெனவே இருக்கிறது. பாட்டைக் குறைந்த அளவுக் கோப்பாகச் சுருக்கினால் ஒலித்தரம் குறையும், மலிவான ஒலிவாங்கியில் பதிந்தாலும் குறையும். அங்கே அது பொருந்துகிற சொல், எனக்கு ஆட்சேபம் கிடையாது. அதே சொல்லை இங்கேயும் போட்டால், ‘பழைய பதிவு என்பதால் ஒலித்தரம் குறைவு, ஆனாலும் கிட்டாரின் ஒலித்தரம் தெளிவாகக் கேட்கிறது’ என்று எழுத வேண்டி வருகிறது. இதைப் படிப்பவர் எதை எதோடு சேர்த்துப் புரிந்துகொள்வார்?

ஜே-45 மட்டமான கருவியே இல்லை என்பதுதான் எனக்கு அதிகக் கோபம். 1942இல் மிச்சிகனின் கலாமசூவில் போர்க்காலத்தில் பிறந்தது, அப்போது விலை 45 டாலர், பெயரில் இருக்கும் எண்ணும் அதுதான். உழைக்கும் குதிரை என்று பட்டப்பெயர். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் தேடிப்போய் வாங்குகிற கிட்டார். பின்பலகையும் பக்கப்பலகையும் மகோகனி. பென்சில்வேனியாவின் நாசரேத்தில் மார்ட்டின் செய்யும் டி-28இல் அவை ரோஸ்வுட். 1969 வரை பிரேசில் மரம், அதற்கப்புறம் இந்திய மரம், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். ஈட்டி கனமான, இறுகிய மரம், அதிர்வைச் சீக்கிரம் விழுங்காது. கம்பியின் ஒலிக்கும் நீளம் மார்ட்டினில் 25.4 அங்குலம், கிப்சனில் சுமார் 24.75. அதே கம்பியை அதே சுருதிக்குக் கொண்டுவர மார்ட்டினில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக முறுக்க வேண்டும். தோனோஸ் என்றால் முறுக்கு என்றேனே, அந்தப் பழைய பொருள் இங்கே கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

‘தொனி’ என்று போடுகிறவர்களும் உண்டு. டோன், தொனி, காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் உறவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறவே இல்லை. தொனி வடமொழி த்வனியிலிருந்து வந்தது, டோன் கிரேக்கம். அதைவிட முக்கியம், இன்றைய தமிழில் தொனி என்றால் பேசுகிறவரின் மனநிலை. ‘அவர் கேட்ட தொனியே சரியில்லை’ என்போம். கிட்டாருக்கு அப்படியொரு மனநிலை கிடையாது. ‘ஒலிநிறம்’ ஜெர்மன்காரரின் உவமையைக் கடன் வாங்கியது. புரியும், ஆனால் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ‘நாதம்’ வாசிப்பவர்களின் சொல், எனக்கு மிகவும் பிடித்த சொல்லும்கூட. ஆனால் வீணைக்காரர் ‘இதில் நாதம் இருக்கிறது’ என்றால் அது பாராட்டு, ‘நாதமே இல்லை’ என்றால் கருவியை ஒதுக்கிவிட்டார் என்று பொருள். மறுபடியும் ஏணிதான். இயற்பியல் வகுப்புக்கு ‘ஒலிப்பண்பு’ போதும், அதில் பிழை இல்லை. மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு அது ஒட்டாது.

அன்றைக்கே பையனை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, அந்த ஜி கார்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் போட்டேன், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாகக் கேட்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். முதல் கிட்டாரில் அடிக்கம்பி கீழே உருண்டுகொண்டே இருக்க, மேல்கம்பிகள் கணீரென்று விரிந்து வெகுநேரம் நின்றன. இரண்டாவதில் தட்டியதும் ‘தொம்’ என்று நடுவில் திரண்டு வந்து, சட்டென்று அடங்கி, அடுத்த தட்டலுக்கு இடம் விட்டது. நாலைந்து முறை கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “ஒரே பாட்ட வேற வேற ஆளு பாடுற மாதிரி இருக்கு.”

குரல். இதற்கு மேல் என்ன வேண்டும்? தொலைபேசியில் ‘ஹலோ’ என்றதும் அம்மாவா சித்தியா என்று தெரிந்துவிடுகிறதே, எதை வைத்துத் தெரிகிறது? குரலை வைத்து. சுருதியும் உரப்பும் ஒன்றாக இருந்தாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பது எதுவோ அதுதான் டிம்பர், அதற்குத் தமிழன் தினமும் பத்து முறை சொல்கிற சொல் குரல். உயிருள்ள தொண்டைக்குத்தானே குரல் என்று கேட்பார்கள். இடிக்குரல் என்கிறோம், இடிக்கு ஏது தொண்டை? பழைய ஏழிசைப் பெயர்களில் முதலாவதே குரல், துத்தமும் கைக்கிளையும் அதற்குப் பின்னால்தான். தினைக்கதிருக்கும் குரல் என்று ஒரு பொருள் உண்டு, அதைக் கிட்டாரோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

இந்தச் சொல்லை எடுத்தால் அடைமொழிகளும் சும்மா கூடவே வரும். வெண்கலக் குரல், கட்டைக் குரல், கனத்த குரல், கீச்சுக் குரல், குழைந்த குரல், கணீர்க் குரல். ‘வெப்பமான ஒலி’, ‘பிரகாசமான ஒலி’, ‘உலர்ந்த ஒலி’ என்று ஆங்கிலத்தை ஈரம் காயாமல் இறக்கிவைக்கிறார்களே, ஒலியில் எப்படி வெப்பம் வரும் என்று ஒருத்தராவது நிறுத்தி யோசிக்கிறார்களா? மீட்டிய ஓசை அடங்காமல் நிற்பதைச் சொல்லும் ‘சஸ்டெயின்’ என்பதற்கு ‘நீடிப்புத்திறன்’ என்று ஒரு புது உருட்டல் வேறு. கார்வை என்று நம் இசைக்காரர்களிடம் சொல் இருக்கிறது. அந்தக் காணொளிக்காரர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: டி-28க்குக் கனத்த அடியும் கணீர் மேலுமாக விரிந்த குரல், கார்வை நீளம். ஜே-45க்குக் கனிந்து நடுவில் திரளும் குரல், கார்வை குறைவு. எது உசத்தி என்று இதில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு பையன் உள்ளே போய் அவனுடைய கிட்டாரை எடுத்துவந்து ஜி கார்டைத் தட்டினான். கம்பி மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, துருவும் கை அழுக்கும் ஏறி மேல்சுரம் எதுவுமே எழவில்லை. இன்னொரு முறை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு மாமா.” சனிக்கிழமை கம்பி வாங்கப் போகிறோம்.