மானியம்: ஒரே சொல், நான்கு வகைப் பணம்

'வேளாண்மைத் துறை மானியக் கோரிக்கை மீது விவாதம்', 'சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 விழுக்காடு மானியம்', 'பல்கலைக்கழக மானியக் குழு அறிவிப்பு'. இவை ஒரே நாள் செய்தித்தாளில் வரக்கூடிய தலைப்புகள். இவற்றோடு பழைய கிரயப் பத்திரத்தில் வரும் 'கிழக்கே கோயில் மானியம்' என்ற எல்லைக் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தொடரில் பணம் கேட்பது அரசு. இரண்டாவதில் பெறுபவர் விவசாயி, மூன்றாவதில் கல்லூரி. நான்காவதில் பணம் கைமாறுவதே இல்லை. வர வேண்டிய வரியை அரசு வாங்காமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். சொல் பிறந்தது இந்த நான்காவது பொருளில்.

மூலம் வடமொழி 'மான்ய'. மதிப்புக்குரியது, போற்றத்தக்கது என்று பொருள்; 'சன்மானம்', 'அவமானம்' இரண்டிலும் இருக்கும் அதே வேர். கோயிலுக்கோ புலவருக்கோ ஊர்ப் பணியாளருக்கோ மதிப்புக் கருதி வரி நீக்கி விட்ட நிலம் மானியம். முழு வரியும் நீங்கினால் சர்வமானியம், பாதி நீங்கினால் அர்த்தமானியம். தலையாரி மானியம், கர்ணம் மானியம் என்பவை கிராம ஊழியத்துக்குச் சம்பளமாக விட்ட நிலங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இவற்றுக்கு 'இனாம்' என்ற அரபுச் சொல் அலுவலக வழக்கானது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிமை ஆவணம் கேட்டு ஆராய்ந்தது. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் இந்த நிலங்களை, நில உரிமையாளரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவந்தது.

இதற்குக் கல்வெட்டுத் தமிழ் தரும் சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி. வரி இல்லாதது இறையிலி. தேவதானம் (கோயிலுக்கு), பிரமதேயம் (பிராமணருக்கு), பள்ளிச்சந்தம் (சமண, பௌத்தப் பள்ளிக்கு) போன்ற பெயர்கள் பெறுபவர் யார் என்பதைச் சொல்கின்றன. இறையிலி என்பது அந்த நிலத்தின் வரி நிலையைச் சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. கொடையாளி நிலத்தோடு ஒரு தொகையையும் ஊர்ச்சபையிடம் கொடுப்பார். அதைப் பெற்றுக்கொண்ட சபை, அந்த நிலத்துக்குரிய வரியை இனித் தானே கட்டுவதாக ஒப்புக்கொள்ளும். அந்தத் தொகைக்கு இறைத்திரவியம் என்று பெயர். ஒருவருக்கு நீங்கிய வரி இன்னொருவர் தலையில் ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு, ஏறும் சுமைக்கு முன்கூட்டியே விலை வைத்தார்கள்.

இனி 'மானியக் கோரிக்கை'. இங்கிலாந்தில் மன்னர் செலவுக்குப் பணம் கேட்பார். மக்களவை பார்த்து 'அளிக்கும்'. அந்த அளிப்பைக் குறித்த ஆங்கிலச் சொல்லும், நிலக்கொடையைக் குறித்த ஆங்கிலச் சொல்லும் ஒன்றே: 'கிராண்ட்' (grant). நிலக்கொடைக்கு இங்கே ஏற்கெனவே மானியம் என்ற சொல் இருந்ததால், அது அவைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்று கொள்ளலாம். விளைவு, காவல் துறைக்கான மானியக் கோரிக்கை என்றால் காவலர்களுக்கு ஏதோ சலுகை போலும் என்று புதிதாகப் படிப்பவர் நினைக்கிறார். உண்மையில் அது அந்தத் துறையின் சம்பளம், எரிபொருள், கட்டடம் உள்ளிட்ட ஓர் ஆண்டுச் செலவுக்குச் சட்டமன்றத்தின் இசைவைக் கேட்பது.

அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆம் உறுப்பு இதன் வழியை வகுக்கிறது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் கோரிக்கை வைக்க முடியாது. அவை இசையலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. 'வெட்டுத் தீர்மானம்' என்பது குறைக்கும் அந்த உரிமையின் வடிவம். ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், அரசுக் கடனுக்கான வட்டி போன்றவை விவாதத்துக்கு வரலாம், வாக்கெடுப்புக்கு வாரா. கோரிக்கைகள் நிறைவேறிய பின் 204-ஆம் உறுப்பின்படி நிதி ஒதுக்கச் சட்டம் வர வேண்டும். அது இல்லாமல் மாநிலத்தின் வருவாயெல்லாம் சேரும் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே வராது. தேர்தல் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டும் கேட்பது முன்பண மானியக் கோரிக்கை. இடையில் பற்றாவிட்டால் துணை மானியக் கோரிக்கை.

ஒப்புதலுக்குப் பிறகு பணம் நகரும் பாதை நீளமானது. நிதித் துறை ஒதுக்கீட்டைத் துறைத் தலைவருக்கு அனுப்பும். அவர் பணம் பெற்று வழங்கும் அலுவலர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அவர்கள் செலவுப் பட்டியல் (பில்) தயாரித்துக் கருவூலத்தில் சேர்ப்பார்கள். கருவூலம் மூன்றைப் பார்க்கும்: அரசாணை இருக்கிறதா, கணக்குத் தலைப்பு சரியா, அந்தத் தலைப்பில் மிச்சம் உண்டா. தலைப்பு நான்கு இலக்க எண்ணில் தொடங்கும். முதல் இலக்கம் 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு (சம்பளம் போன்ற நடைமுறைச் செலவு), 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு (கட்டடம் போன்ற சொத்துக்கான செலவு). 2202 பொதுக் கல்வி, 2055 காவல். மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதனால்தான் ஆண்டு முழுதும் தூங்கிய பட்டியல்கள் மார்ச் கடைசி வாரத்தில் கருவூல வாசலில் வரிசை கட்டுகின்றன. ஒப்புதலை மீறிச் செலவழித்தால் தணிக்கை அறிக்கையில் அது 'மிகைச் செலவு'. 205-ஆம் உறுப்பின்படி மறுபடி அவைக்கு வந்து முறைப்படுத்த வேண்டும்.

இந்தப் பொருளுக்கு 'செலவு இசைவுக் கோரிக்கை' என்றாலே போதும். யார் யாரிடம் எதைக் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆனால் அவைக்குறிப்புகளில் ஊறிவிட்ட சொல்லை யார் அசைப்பது!

மூன்றாம் பொருளான கல்விக் குழு மானியத்துக்குத் தமிழ் ஏற்கெனவே விடை கண்டுவிட்டது: நல்கை. நல்குதல் என்றால் விரும்பிக் கொடுத்தல். 'பல்கலைக்கழக நல்கைக் குழு' என்று எழுதுவோர் பலர். இலங்கையில் அதே அமைப்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்றே வழங்குகிறது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்கும், மாநிலம் உள்ளாட்சிகளுக்கும் வாரியங்களுக்கும் கொடுப்பதும் நல்கையே. இதில் ஒரு கணக்குச் சூட்சுமம் இருக்கிறது. நல்கை வெளியேறிய நாளிலேயே கொடுத்தவர் ஏட்டில் அது வருவாய்ச் செலவாகிவிடும். பெற்றவர் அதைக் கொண்டு கட்டடமே எழுப்பினாலும் அப்படித்தான். பெற்ற அமைப்பின் வங்கிக் கணக்கில் பணம் தொடாமல் கிடந்தாலும் 'செலவானது' என்றே அறிக்கை பேசும். அந்த ஓட்டையை அடைக்க இருப்பது, பணம் உரிய வேலைக்கே செலவானது என்று பெற்றவர் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ். அது வராவிட்டால் அடுத்த தவணை நிற்கும். தவணை நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் சான்றிதழ் எங்கிருந்து வரும்? பல திட்டங்கள் இந்த வட்டத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டாம் பொருள், பொருளின் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பது. மக்கள் பேச்சில் மானியம் என்றால் இதுதான். சிலர் பரிந்துரைக்கும் 'உதவித்தொகை' இங்கே சரிவராது. அந்த இடத்தை முதியோரும் மாணவரும் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். வேளாண் துறையின் 'பின்னேற்பு மானியம்' நல்ல ஆக்கம்: விவசாயி முதலில் முழு விலையைக் கட்டுகிறார், ஆய்வுக்குப் பின் அரசு தன் பங்கைத் தருகிறது. கையில் முதல் இல்லாத சிறு விவசாயிக்கு இதில்தான் இடறும். மின்சாரத்தில் பாதை வேறு. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 அலகு இலவசம் என்றால் அந்தப் பணம் வீட்டுக்கு வருவதில்லை, மின் நிறுவனத்துக்குப் போக வேண்டும். மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆம் பிரிவு, மாநில அரசு அதை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. தாமதமானால் நிறுவனம் கடன் வாங்கும். அந்த வட்டி பின்னொரு நாள் கட்டணத்தில் ஏறும். இந்தப் பொருளுக்கு மட்டும் மானியம் என்ற சொல்லை விட்டுவைக்கலாம் என்பதே எங்கள் கருத்து. மக்கள் வாயில் பழகியதைப் பிடுங்குவதில் பயனில்லை.

சொல்லின் முதற்பொருள், அதாவது வரி நீக்கம், இன்று எங்கே வாழ்கிறது? அரசியல் கட்சிகளின் கணக்கில். இந்தியாவில் கட்சிகளுக்கு அரசு ரொக்கமாகத் தேர்தல் நிதி தருவதில்லை. ஆனால் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 13-ஏ பிரிவில், கட்சி பெறும் நன்கொடைக்கு வரி விலக்கு அளித்தது; 2026 ஏப்ரலில் அதன் இடத்துக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டமும் அதைத் தொடர்கிறது. கணக்கு வைத்துத் தணிக்கை செய்திருக்க வேண்டும், 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரும் முகவரியும் பதிவாகியிருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். கொடுப்பவருக்கும் சலுகை உண்டு: 1961 சட்டத்தில் 80-ஜிஜிபி பிரிவு நிறுவனங்களுக்கு, 80-ஜிஜிசி பிரிவு தனிநபர் முதலானோருக்கு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. 30 விழுக்காடு வரி கட்டும் நிறுவனம் 1 கோடி ரூபாயைக் காசோலையாகக் கொடுத்தால், கூடுதல் தீர்வைகள் நீங்கலாக, அதன் வரியில் 30 லட்சம் குறையும். அதாவது அந்த 1 கோடியில் 70 லட்சம்தான் நிறுவனத்துடையது. 30 லட்சம் கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். சலுகைகளைத் துறந்து 22 விழுக்காடு வரிக்கு மாறிய நிறுவனங்களுக்கு இந்தக் கழிவு இல்லை.

இதில் நடக்கும் கோளாறும் பழைய இனாம் மோசடிகளின் சாயலுடையது. பெயரளவில் பதிவான கட்சி நன்கொடையைக் காசோலையாக வாங்கும்; தரகைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்தவர் ரசீதைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வார். ஆறு ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 பதிவுபெற்ற கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. இனாம் ஆணையம் நில உரிமை ஆவணத்தைக் கேட்டது போல, வருமான வரித் துறை இப்போது நன்கொடையாளர்களிடம் ஆதாரம் கேட்டு அறிவிப்பு அனுப்புகிறது.

இதற்கு 'வரி விலக்கு' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. பிழையில்லை, ஆனால் விலக்கு என்றதும் அரசுக்குச் செலவில்லை என்ற தோற்றம் வந்துவிடுகிறது. 'இறையிலி நன்கொடை' என்றால் கூடுதல் துல்லியம் கிடைக்கும். மானியக் கோரிக்கைக்கு எண் உண்டு, விவாதம் உண்டு, வெட்டுத் தீர்மானம் உண்டு. இறையிலியாகப் போகும் தொகைக்கு அவையில் கோரிக்கை எண் கிடையாது. ஒன்றிய வரவுசெலவுத் திட்ட ஆவணங்களில், வரிச் சலுகைகளால் குறைந்த வருவாயைச் சொல்லும் பின்னிணைப்பில், கட்சி நன்கொடைக்கெனத் தனிப் பதிவு இருக்கும். தேடுபவர் அங்கே தேட வேண்டும்.